ஒரே ஒரு ஆட்சேபணை

உரிமப் பிரிவின் கதவு திறக்கும்போது ஒரு முறை முனகும். மூடும்போது இரண்டு முறை. எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த முனகல் என் காதை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மாள், தன் கணவருக்கு உரிமம் தரக் கூடாது என்று சொல்ல வந்திருந்தார்.

நான் அங்கே தட்டச்சர். எங்கள் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'உட்பிரிவு'. சட்டத்தில் இல்லாத ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராது. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட எந்த விதியின் கீழ் என்று கேட்பார் என்பது எங்கள் கேலி.

துப்பறியும் நிறுவனம் தொடங்க அந்தக் கணவர் மனுப் போட்டிருந்தார். போலீஸ் நற்சான்று, உரிமம் உள்ள ஒருவரிடம் வேலை பார்த்த அனுபவம், காப்பீடு, பூட்டுப் போட்ட தனி அறை, எழுத்துத் தேர்வு, எல்லாம் சரி. கடைசியாக, ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வரலாம் என்று பலகையில் அறிவிப்பு ஒட்டுவோம். யாரும் வந்ததில்லை.

வந்தது சொந்த மனைவி.

"காரணம் சொல்லணும்மா. அவர் மேல ஏதாவது கேஸ்?" என்றார் உட்பிரிவு.

"சேச்சே. எறும்பைக்கூடத் தாண்டித்தான் நடப்பார்."

"குடி? திவால்?"

"கிடையாது."

"பின்னே?"

"அவர் வாயில எதுவும் நிக்காதுங்க. பக்கத்து வீட்டுக்காரர் பல்செட் கட்டின விஷயம் தெருவுக்கே தெரியும். எனக்கு வாங்கின புடவையைக் கொடுக்கறதுக்கு முன்னாடியே கலரைச் சொல்லிடுவார். ஊரார் ரகசியத்தை இவர்கிட்ட கொடுக்கலாமா?"

உட்பிரிவு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது சரியான காரணம். ரகசியம் காக்கத் தெரியாதவருக்கு உரிமம் இல்லைன்னு விதியே இருக்கு."

எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வந்தது. கணவருடைய முதலாளி தொழிலை மூடிவிட்டார். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? மனிதர் மாடிப்படிக்குப் பக்கத்து பெஞ்சில் சலவைச் சட்டையோடு காத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குள்ளேயே குழி பறிக்கிறாளே!

அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றினார்.

"ஐயா, லைசென்ஸ் கிடைச்சா பிறப்பு இறப்புப் பதிவேட்டை எல்லாம் பார்க்கலாமாமே?"

"பார்க்கலாம்."

"அதான் வேணாங்கறேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். ஒரே மகள். பிடித்தவனோடு போனாள். "நீ என் பொண்ணே இல்லை" என்றார் அப்பா. கோபம் ஆறியபோது மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியவில்லை.

"பிரசவத்துல போயிட்டா. அவ மாமியார் நான் வேலை பார்க்கற தையல் கடைக்கே வந்து சொன்னாங்க. அப்போ இவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில. அதிர்ச்சி ஆகாதுன்னார் டாக்டர். வீட்டுக்கு வந்தப்புறம் எனக்கு வாய் வரலை. லைசென்ஸ் வந்ததும் முதல் வேலை அவளைக் கண்டுபிடிக்கறதுதான்னு தினம் சொல்றார். அந்த நினைப்புலதான் எழுந்து நடமாடறார்."

உட்பிரிவு பேனாவை மூடினார். "கொஞ்சம் வெளியில இருங்கம்மா. அவரை வரச் சொல்லுங்க."

கதவு முனகியது. கணவர் வந்து உட்கார்ந்தார்.

"உங்களால ரகசியம் காக்க முடியாதுன்னு ஆட்சேபணை வந்திருக்கு."

"யார் சொன்னதுன்னு கேட்கவே வேணாம்." சிரித்தார். "என் வாய் கொஞ்சம் நீளம்தான் சார்."

"அப்போ மறுக்க வேண்டியதுதான்."

சிரிப்பு நின்றது. "சார், இதை விட்டா எனக்கு வேற பிழைப்பு இல்லை."

"ரகசியம் காப்பீங்கன்னு எதை வெச்சு நம்பறது?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"இங்கே சொல்றது வெளியில போகாதே?"

"போகாது."

"எங்க பொண்ணைக் கண்டுபிடிச்சுட்டேன் சார். பழைய முதலாளியோட உரிமத்துல பதிவேட்டைப் பார்த்தேன். இறப்புப் பக்கத்துல இருந்தா. இவகிட்ட சொல்லலை. சொன்னா உடைஞ்சு போயிடுவா. இன்னும் தேடறதா தினம் ஒரு கதை சொல்லிக்கிட்டிருக்கேன். உரிமம் வந்தப்புறமும் கண்டுபிடிக்கலைன்னா என்ன சொல்றதுன்னுதான் தெரியலை."



உட்பிரிவு மூடி வைத்த பேனாவைத் திறந்தார். பிறகு அந்த அம்மாளையும் உள்ளே கூப்பிட்டார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அடிங்கம்மா. ஆட்சேபணை தள்ளுபடி. உரிமம் வழங்கப்படுகிறது. நிபந்தனை ஒன்று. உரிமதாரர் தன் சொந்தக் குடும்பத்தார் யாரைப் பற்றியும் எக்காலத்திலும் விசாரிக்கக் கூடாது. மீறினால் உரிமம் ரத்து."

அப்படி ஒரு நிபந்தனை எந்தச் சட்டத்திலும் இல்லை. "சார், எந்த விதின்னு போடணும்?" என்றேன்.

"அடிங்கன்னேன்."

அடித்தேன். கையெழுத்துப் போட்டு நீட்டினார். இருவரும் சேர்ந்து படித்தார்கள். இருவருமே நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

"என்ன பண்றது, சட்டம் இப்படி இருக்கே," என்றார் கணவர்.

"விடுங்க," என்றார் அந்த அம்மாள். "எங்கே இருந்தாலும் நல்லா இருப்பா."

"இருப்பா, இருப்பா."

மறு வருஷத் தணிக்கையில் அந்த நிபந்தனைக்கு விளக்கம் கேட்டார்கள். உட்பிரிவு வாயைத் திறக்கவில்லை. பதவி உயர்வு இல்லாமல், அதே நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றார்.