முப்பத்தேழாவது கமென்ட்

"இது ஊடா, இல்ல பஸ் ஸ்டாண்டு கக்கூஸா?"

முப்பத்தேழாவது கமென்ட்டைப் படித்ததும் கிஷோர் பிரியாணிப் பொட்டலத்தை அப்படியே மடித்து ஓரமாக வைத்தான். அம்பத்தூரில் ஒரு வெல்டிங் கடைக்கு மேலே அவனுடைய ஆபீஸ். ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டி இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை படியேறி வந்தவர்களில் பாதிப் பேர், கீழே வெல்டிங் கடைக்காரர் எங்கே போனார் என்று கேட்க வந்தவர்கள்.

நல்லாக் கட்டினால் மட்டும் போதாது, படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டால்தான் ஆள் வரும் என்று கூடப் படித்த விஷால் நச்சரித்துக்கொண்டே இருந்தான். போடுவதற்குக் கிஷோரிடம் பெருமையாக ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அயனம்பாக்கத்தில் சாமுண்டீஸ்வரி அக்காவுக்குக் கட்டிக் கொடுத்தது. மேல்பூச்சில்லாத செங்கல் சுவர், ஏரிக் காற்று உள்ளே வர ஓட்டை ஓட்டையாக ஒரு தடுப்பு.

தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் பேக்கிங் வேலை பார்த்து அக்கா கட்டிய வீடு அது. படம் எடுக்கச் சம்மதிக்கவே ஒரு மாசம் இழுத்தாள்.

"நம்ம ஊட்ட ஊரு முச்சூடும் எதுக்கு நைனா பாக்கணும்?"

"உங்க பேரும் போட மாட்டேன், அட்ரஸும் போட மாட்டேன்க்கா."

படம் எடுத்த அன்று காலை கிஷோர் தண்ணி டிரம்மை நகர்த்தினான், காலண்டரைக் கழற்றினான். கொடியில் காய்ந்த லுங்கிகளை அக்காவின் புருஷன் ஜம்புலிங்கத்தின் தோளிலேயே போட்டு, அவரையும் சேர்த்துப் பின்பக்கம் அனுப்பினான். கடைசியாக, வாசலுக்கு மேலே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த திருஷ்டி பொம்மையிடம் வந்தான்.

"அத்த மட்டும் உட்ரு நைனா."

"அது இருந்தா படமே கெட்டுடும்க்கா. வீட்டை விட்டுட்டு எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க."

அக்கா பொம்மையை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "எத்தினி பேரு பாப்பாங்கோ?"

"லட்சம் பேரு பாக்கணும்னு வேண்டிக்குங்க."

அக்காவின் முகம் சுருங்கிப் போனது. வெயில் ஏறுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் கிஷோர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

படம் பிய்த்துக்கொண்டு போனது. ஐந்தே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ஆனால் யாராவது "சூப்பர்" என்று போட்டால், பத்தாவது நிமிஷம் அதற்கு நேர் கீழே ஒரு வசவு வந்து உட்கார்ந்தது.

"காசு தீந்துபூட்ச்சி, பூசாம உட்டுட்டானுங்கோ."

"செவுத்துல எலி பூந்த மாரி இம்மாம் ஓட்ட."

"இத்தக் கட்னவன் தூங்கிகினே கட்டிருப்பான்."

திட்டியவர்கள் ஒருவருக்கும் முகம் இல்லை. ஒருவருக்கு முருகன் படம், இன்னொருவருக்கு ரோஜாப்பூ.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். கோவில்பதாகையில் வீடு கட்டப்போகும் கிருஷ்ணப்பிரியா, "உங்க இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பாத்துட்டு சனிக்கிழமை சொல்றேன் சார்" என்றிருந்தாள். இன்றைக்குச் சனிக்கிழமை. அந்த வீடும் கைவிட்டுப் போனால், திங்கட்கிழமை முதல் பாடியில் ஒரு கம்பெனிக்கு ஷெட் படம் வரையப் போக வேண்டியதுதான். வேலையில் சேரச் சொல்லி வந்த கடிதம் மேஜை மேலேயே கிடந்தது. கிஷோருக்கு அழுகை முட்டியது.

அக்காவை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருந்தது. முப்பது வருஷ உழைப்பை ஊரே கக்கூஸ் என்று பேச வைத்துவிட்டோமே என்று துடித்தான். நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படத்தை நீக்கிவிடலாம் என்று வண்டியைக் கிளப்பினான்.

அக்கா வீட்டுக் கூடத்தில் ஜம்புலிங்கமும் மகனும் மருமகளும் ஆளுக்கொரு போனில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. எவனெவனோ உங்க வீட்டைக் கண்டபடி திட்றான். படத்தையே எடுத்துடறேன்."

"திட்னா திட்டிகினு போறான், உடு. காபி குடிக்கிறியா?"

அக்கா இவ்வளவு பெரிய மனசுக்காரி என்று அவனுக்கு இத்தனை நாள் தெரியாது. கண் கலங்கிவிட்டது.

அப்போது ஜம்புலிங்கம் சத்தம் போட்டார். "இன்னாமே, இங்க பாரு! கிருஷ்ணப்பிரியான்னு ஒரு பொண்ணு போட்டுக்கீது. 'இவ்வளவு அழகான வீட்டைப் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டையும் இவரே கட்டப் போகிறார்'னு."

கிஷோர் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான். "அவங்கதான்க்கா! வேலை கெடச்சிடுச்சுக்கா!"

அக்காவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கையை உதறிக்கொண்டாள். கண்ணாடியை மாட்டி, மருமகளிடமிருந்து போனைப் பிடுங்கி, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தாள்.

கிஷோர் எட்டிப் பார்த்தான். திரையில் அந்த ரோஜாப்பூ. பக்கத்தில், 'த்தூ, மாட்டுக் கொட்டா' வரை அடித்தாகிவிட்டது.

"அக்கா! என்னக்கா இது?"

அக்கா விரலை எடுக்காமலே சொன்னாள்.

"படத்துல பொம்மைய நீ கழட்டிட்டியே நைனா, திருஷ்டிக்கு யாருனா திட்ட வேணாவா?"