எந்தப் பக்கம் திருகுவது

வக்கீல் அந்த நட்டை மூன்றாவது தடவையாகத் தப்பான பக்கம் திருகினார்.

ஏரிக்கரைப் புல்லில் மண்டி போட்டு, நாக்கைக் கடைவாய்க்குத் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். அடுப்புக் குழாயின் நுனியில் இருந்த பித்தளை நட்டு, சின்ன சிலிண்டரின் வாயில் பட்டுப் பட்டு வழுக்கியதே தவிர, ஒரு சுற்றுகூட ஏறவில்லை.

சின்னவர் பத்தடி தள்ளிக் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். பார்க்காத மாதிரி பார்த்தார். கை துறுதுறுத்தது.

பின்னே? பதினொரு வருஷமாக காஸ் கிடங்கில் வேலை. மற்ற நட்டெல்லாம் வலது பக்கம் திருகினால் இறுகும். இந்த சிலிண்டர் நட்டு மட்டும் இடது பக்கம் திருகினால்தான் ஏறும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

வக்கீலும் அவரும் சகலைகள். மூத்தவளை வக்கீல் கட்டியிருந்தார், இளையவளைச் சின்னவர். ஒரே வித்தியாசம்: வக்கீலுக்கு மாமனார் பெண்ணைக் கொடுத்தார். சின்னவருக்குக் கொடுக்கவில்லை, பெண்ணே கிளம்பி வந்துவிட்டாள்.

அது ஆகி ஆறு வருஷம். "சிலிண்டர் உருட்டுறவனுக்கா?" என்று அன்றைக்குக் கேட்டதோடு சரி, அப்புறம் சின்னவரோடு பேச்சே கிடையாது. அதையும் மாமனார் சுவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

குடும்பத்தோடு ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ரெண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று ஒற்றைக் காலில் நின்றது வக்கீல்தான். மாமனாரும் வந்தார். வழியெல்லாம் கார் ஜன்னலைப் பார்த்தே பேசிக்கொண்டு வந்தார்.

இப்போது மடக்கு நாற்காலியில் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, இன்னைக்குச் சாப்பாடு உண்டா, இல்ல ஏரிக் காத்து மட்டும்தானா?"

வக்கீலின் காது சிவந்தது. சின்னவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "இதையெல்லாம் விவரம் தெரிஞ்சவங்க செய்யணும் மாமா," என்று அக்கரைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நாலாவது தடவையும் வலது பக்கமே திருகினார்.

சின்னவருக்கு ஆசை வரத்தான் செய்தது. எழுந்து போய், எல்லார் முன்னாலும் ஒரே திருகு. ஆறு வருஷத்துக்கும் சேர்த்துப் பதில் சொன்ன மாதிரி இருக்கும்.

ஆனால் அந்த மாமனார் முன்னால் கையாலாகாதவனாக நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். அதிலும், இந்த ஆறு வருஷத்தில் வீடு தேடி வந்து, "என்ன சகலை" என்று தோளில் கை போட்ட ஒரே ஆள் வக்கீல். அவரைப் போய் மட்டம் தட்டுவதா? மனசு கேட்கவில்லை.

இன்னொரு முளையைத் தேடுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் போனார். மாமனாருக்கு முதுகைக் காட்டி, சிலிண்டரை மறைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

இடது பக்கம் மூன்று சுற்று. ஸ்பேனரால் ஒரு இறுக்கு. பாத்திரம் கழுவுகிற சோப்பை விரலில் தொட்டு நட்டைச் சுற்றித் தடவி, வால்வைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"அண்ணே, நீங்க சரியாத்தான் மாட்டியிருக்கீங்க. பத்த வைங்க!" என்று குரலை உயர்த்திச் சொன்னார்.

வக்கீல் திருதிருவென்று விழித்தார். வேறு வழியில்லாமல் தீக்குச்சியைக் கிழித்தார்.

புஸ்ஸென்று நீலமாக, வட்டமாகப் பற்றிக்கொண்டது.

"அதானே! என் மூத்த மாப்பிள்ளைகிட்டயா!" என்று மாமனார் கை தட்டினார்.

சின்னவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முளை அடிக்கப் போகும்போது பார்த்தால், அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

முட்டை பொரிந்தது. ரொட்டி சிவந்தது. மாமனார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்து, கரையோரம் சின்னவர் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது வக்கீல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பல்லைக் கடித்தார்.

"கெடுத்தியே சகலை, காரியத்தை! ரெண்டு வாரமா எங்க வீட்டு மாடியில இந்த அடுப்புலதான் டீ போட்டுக் குடிக்கிறேன். எந்தப் பக்கம் திருகணும்னு எனக்குத் தெரியாதா? அவர் வாயால உன்னைக் கூப்பிட வைக்கத்தானே இவ்வளவு தூரம் டென்ட்டு, சிலிண்டர்னு தூக்கிட்டு வந்தேன்! உன் வீட்டுக்காரிகிட்ட கேட்டுப் பாரு, அவளுக்கும் தெரியும்."

சின்னவர் கையிலிருந்த பிளாஸ்டிக் தட்டு நழுவி, அலையில் மெல்ல மிதந்து போயிற்று.

"சரி விடு, டீக்கு ஒரு கை பார்க்கலாம்," என்று வக்கீல் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"ஐயையோ மாமா! அடுப்பு அணைஞ்சுபோச்சே! என்ன கோளாறுன்னே தெரியலையே!"

கோர்ட்டில் இந்தக் குரலில் வாதாடினால் ஒரு கேஸும் ஜெயிக்காது.

மாமனார் எழுந்திருக்கவில்லை. நாற்காலியோடு ஏரிப் பக்கம் திரும்பினார். தட்டைப் பிடிக்க முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்ற சின்னவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நீங்களே வந்து பத்த வைங்க மாப்பிள்ளை," என்றார். "முதல்ல மாட்டினதும் நீங்கதானே? உங்க சகலைக்கு நடிக்கவே வரல."