பகீரதனை ஏன் இறக்கேல்லை?

"இண்டைக்கு அந்தாளை நாலு கேள்வி கேக்காமல் விடமாட்டன்," எண்டான் பகீரதன்.

"வாயைக் கொஞ்சம் அடக்கு. மனிசன் றிற்றயர் ஆகிற நாள்," எண்டன் நான்.

பக்கத்தில அவன்ர அம்மா யோகமலர் அன்ரி. நானும் வரத்தான் போறன் எண்டு அடம்பிடிச்சு வந்தவ.

கனடாவில, ஸ்காபரோவில ஒரு பிளாசா மண்டபம். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. எங்கட சின்னக் கொலிஜின்ர, ஆளையாள் மோதி விழுத்துற அமெரிக்கன் புட்போல் ரீமுக்குத் தலைமைக் கோச்சா இருந்த வொல்ரருக்குப் பிரியாவிடை. பழைய பெடியள் எல்லாம் வந்து, ஆளையாள் கட்டிப்பிடிச்சு ஒரே கூத்து.

அது ஒரு காலம்! ஒக்ரோபர் குளிரில சேத்துக்குள்ள விழுந்து எழும்புவம். கோச் போடுற சத்தத்துக்கு ஹெல்மெற் அதிரும். திட்டித் தீத்துப்போட்டு, பிறகு தானே எல்லாருக்கும் சுடச்சுட சொக்லேற் பால் ஊத்தித் தருவார். அந்த நாள் இனி வருமே?

ஆனா பகீரதன்ர விசயத்தில மட்டும் அவர் செய்தது எனக்கும் விளங்கேல்லை.

ரீமில தமிழ்ப் பெடியள் நாங்கள் ரெண்டு பேர்தான். நான் ஓடினா ஆமை. அவன் ஓடினா ஆராலும் பிடிக்கேலாது. ஆமையை எல்லா மாட்சிலும் இறக்கினார், அவனை ஒண்டிலும் இறக்கேல்லை. பயிற்சிக்கு அவன் வராட்டி மட்டும், அப்பாட்மென்ற் வாசலுக்கே கார் கொண்டுபோய் ஏத்திக்கொண்டு வருவார். இருட்டுமட்டும் ஓடவிடுவார். மாட்ச் எண்டா ஓரத்து வாங்கில இருத்திவிடுவார்.

தொண்ணூற்றுமூண்டில ஃபைனல். கோச்சின்ர வாழ்நாளிலேயே அந்த ஒரு ஃபைனல்தான். முடியிற நேரம், பந்தோட ஓடுற எங்கட பெடியன் கால் முறிஞ்சு விழுந்திட்டான்.

"கோச், என்னை இறக்குங்கோ. வெண்டு தாறன்!" எண்டு பகீரதன் கெஞ்சினான்.

கோச் அவனைப் பாத்தார். மைதானத்தைப் பாத்தார். "நீ இரு," எண்டார்.

தோத்துப்போனம். கொலிஜ் முழுக்க அவரைத்தான் திட்டிச்சுது. அவரைக் கூப்பிடுறதா இருந்த பெரிய யூனிவேர்சிற்றியும் பேசாமல் விட்டிட்டுது. அந்தச் சின்னக் கொலிஜிலயே மனிசன் நரைச்சுப்போனார்.

சாப்பாடு முடிய, கோச் மேசை மேசையா வந்து கை குடுத்தார். பகீரதன் கையை நீட்டேல்லை.

"அண்டைக்கு என்னை ஏன் இறக்கேல்லை, கோச்?"

"உன்ர திறமை காணாது, பகீ. வேகம் குறைவு."

அண்டப் புளுகு! எனக்கே பத்திக்கொண்டு வந்தது.

"நான் கறுப்பன் எண்டபடியாத்தானே?" எண்டு பகீரதன் கத்தினான்.

"அப்ப நான் என்ன வெள்ளைக்காரனோடா?" எண்டு அவனை இழுத்து இருத்தப் பாத்தன். எங்க அடங்கினான்!

"ஒரு கப் எடுக்கத் துப்பில்லாத கோச் நீ. என்ர வாழ்க்கையையும் சேத்து நாசமாக்கினாய்!"

கோச்சின்ர முகம் செத்துப்போச்சு. "ஓம் பகீ, பிழை என்னிலதான்," எண்டுபோட்டு அடுத்த மேசைக்குத் திரும்பினார்.

அவர் போகேல்லை. யோகமலர் அன்ரி எழும்பி அவற்ற கையைப் பிடிச்சு நிப்பாட்டிப்போட்டா. கண்ணால தண்ணி ஓடுது.

"வாயை மூடடா, பகீ! மூத்தவனை ஊரில ஷெல்லுக்குக் குடுத்திட்டு வந்தனான். இஞ்ச நீ ரோட்டுச் சண்டைக் குறூப்புகளோட சேந்திடுவாய் எண்டு, உன்னை ரீமிலயே பிடிச்சு வைச்சிருக்கச் சொன்னது நான். அதுக்குள்ள இறக்கி அடிபட விடாதேங்கோ, இவனுக்கும் சொல்லாதேங்கோ எண்டு, அரைகுறை இங்கிலிசில அழுதழுது, இந்த மனிசன்ர கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினதும் நான்தானடா!"