கடைசி இரண்டு நம்பர்

"கட்டின பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க நேரமில்ல, எந்நேரமும் இந்தப் பெட்டி மூஞ்சிதான்! கல்லத் தூக்கிப் போட்டு உடைங்கண்ணே!"

ஹக்கீம் வீட்டுக்குள் கால் வைத்ததும் சுஜாதா கொடுத்த வரவேற்பு இது.

ஹக்கீம் போடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். இந்த வீட்டுக்கு நடையாய் நடந்து அவருக்கே அலுத்துவிட்டது. சுஜாதாவின் புருஷன் விஜயகுமார், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். யாரிடமோ ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்திருந்தான். அதில் சிடி ஓடாது. லேப்டாப்பிலிருந்து ஒயர் வழியாகத்தான் கேமை அனுப்ப வேண்டும். அனுப்பினால் போகாது.

குடியை விட்டான் என்று ஊரே சந்தோஷப்பட்டது. ஒரு பைத்தியம் தெளிந்து இன்னொரு பைத்தியமா என்று ஹக்கீம் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் தடவை வந்தபோது, ஃபைல் பெரிசு, பெட்டி பழசு, அதன் வாய்க்குள் நுழையவில்லை. வெட்டித் துண்டு போட்டு அனுப்ப வழி செய்தார். அடுத்த தடவை லேப்டாப்பின் காவல்காரனான ஃபயர்வால் மறித்தது. திறந்துவிட்டார். அதற்கடுத்து விலாசம் தகராறு. பெட்டிக்கென்று ஒரு நம்பர் உண்டு, லேப்டாப்பில் அந்த நம்பரைச் சரியாக அடித்தால்தான் ஃபைல் போய்ச் சேரும். அதையும் பொருத்திவிட்டார்.

ஒவ்வொரு தடவையும் அவர் கண் முன்னால் சமர்த்தாகப் போகும். மறுநாளே போன் வரும். "அண்ணே, திரும்பவும் நின்னுபோச்சு."

இன்றைக்கு உட்கார்ந்து பார்த்தவருக்குத் தலை சுற்றியது. திறந்துவிட்ட ஃபயர்வால் மூடியிருந்தது. பதினைந்து என்று முடியும்படி அவரே போட்ட நம்பர், ஐம்பத்தொன்று என்று நின்றது.

'பெட்டிக்குள்ள ஜின்னு, பேயின்னு எதுவும் குடியிருக்கா?'

போடி பஜாரில் ஹக்கீம் கை வைத்தால் செத்த மிஷினும் எழுந்து உட்காரும் என்று பேர். அந்தப் பேர் இந்த ஓட்டைப் பெட்டியால் போய்விடும் போலிருந்தது.

போன் அடித்தது. விஜயகுமார்.

"அண்ணே, சிலமலையில ஆளுகள எறக்கிட்டு வெரசா வந்துர்றேன். பாத்துட்டு இருங்க."

"நீ மெதுவா வா மாப்ளே."

நம்பரைத் திருத்தினார். ஃபைல் ஊர்ந்து போக ஆரம்பித்தது. "தங்கச்சி, இது முடிய நேரமாகும். யாரும் தொட்டுறாதீங்க. கடையில சோலி கெடக்கு, வர்றேன்" என்று கிளம்பினார்.

தெருமுனை திரும்பும்போதுதான் மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டு வந்தது உறைத்தது. திரும்பினார்.

கதவு திறந்தே இருந்தது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சுஜாதா நிதானமாக நம்பரை அழித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானா அந்த ஜின்னு?"

அவள் பதறி எழுந்தாள்.

ஹக்கீமுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "ஏம்மா, மலையேறி எறங்கி வர்ற மனுசன், குடிய விட்டுட்டு ஆசையா ஒரு வெளாட்டு வெளாடக் கூடாதா? நான் என்ன வேலவெட்டி இல்லாம அலையிறேனா? இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"நீங்க செய்யும்போது பின்னாடி நின்னு பாத்ததுதாண்ணே." சுஜாதா சேலைத் தலைப்பைக் கசக்கினாள். "கேம் ஓடுச்சுன்னா ரெண்டு நாளு வெளாடுவாரு. அப்புறம் சலிச்சுப் போயிரும். பழையபடி பிராந்திக் கடைக்குக் கெளம்பிருவாரு. இது ஓடாததுனாலதாண்ணே, இன்னிக்கு எப்படியும் ஓட வச்சிரணும்னு பொழுது சாயவும் நேரா வீட்டுக்கு வர்றாரு."

"பெறகு ஏன் உடைங்க உடைங்கன்னு கத்துற?"

"நான் வேணாங்கும்போதுதான அவருக்கு வீம்பு வரும்?"

ஹக்கீமுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. கண்ணாடியை எடுத்துக்கொண்டார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. விஜயகுமார் ஓடி வந்தான்.

"சரியாச்சாண்ணே?"

ஹக்கீம் தொண்டையைச் செருமினார். "இல்ல மாப்ளே. இது லேசுப்பட்ட கோளாறா தெரியல. ரொம்ப நாளைக்கு இழுக்கும் போல."

இத்தனை வருஷத் தொழிலில் முடியவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. ஆனாலும் மனசு லேசாக இருந்தது.

"நான்தான் சொன்னேன்ல, கல்லப் போட்டு உடைங்கன்னு!" சுஜாதா சத்தம் போட்டுக்கொண்டே அடுப்படிக்குள் போனாள்.

ஹக்கீமை வழியனுப்பத் தெருமுனை வரைக்கும் வந்த விஜயகுமார், வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, நம்பர மாத்துறது அவதான். ஒரு நா சன்னல் வழியா பாத்துட்டேன். நீங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாதீங்க."

ஹக்கீமுக்குத் திரும்பவும் தலை சுற்றியது. "அடப்பாவி! தெரிஞ்சுக்கிட்டே எதுக்குடா என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலைய விடுற?"

"கூப்பிடாம விட்டா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நம்பர மாத்துறத நிறுத்திருவாண்ணே. பெட்டி ஓடிருச்சுன்னா நான் மறுபடி கடைக்குப் போயிருவேனோன்னு, அவள விட எனக்குத்தாண்ணே பயம் ஜாஸ்தி!"