பதினோரு மணி நர்ஸ்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் பொறுங்கள். எனக்கே அது பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது.

எனக்கு வராத குரல் கிடையாது. அம்மா குரலில் அண்ணனை எழுப்புவேன். அண்ணன் குரலில் அம்மாவிடம் காபி கேட்டு வாங்கிக் குடிப்பேன். கணக்கு வாத்தியார் குரலில் பக்கத்து வகுப்பையே எழுந்து நிற்க வைத்திருக்கிறேன்.

அன்றைக்குக் குரல்கூடத் தேவைப்படவில்லை. அண்ணிக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். அடுத்த மாதம் ஓட்டல் வரவேற்பு வேலைக்குத் திரும்ப வேண்டும்; சீருடை பட்டனோ சேரவே மாட்டேன் என்கிறது. தினமும் பல் விளக்கியதும் முதல் வேலையாக எடை மெஷினில் ஏறி நிற்பார்.

முள் வைத்த பழைய மெஷின். அடியில், முள்ளைத் திருத்த ஒரு சின்னச் சக்கரம். திங்கட்கிழமை காலை, கசிகிற பேனாவைப் பிடித்திருந்த விரலாலேயே அதைத் திருப்பி மூன்று கிலோ கூட்டி வைத்தேன். அண்ணி அலறுவார், நான் டாக்டர் குரலில் ஒரு போடு போடுவேன், வீடே சிரிக்கும். திட்டம் அவ்வளவுதான்.

அண்ணி அலறவில்லை. முள்ளையே பார்த்தார். இறங்கினார். தனக்கென்று எடுத்து வைத்திருந்த முட்டையையும் ரொட்டியையும் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். அன்று முழுக்க வெறும் டீ.

சாயங்காலம் அவர் குழந்தையைக் குளிப்பாட்டும் நேரத்தில் சக்கரத்தைப் பழையபடி திருப்பிவிட்டேன். அப்பாடா.

அப்பாடாவாவது ஒன்றாவது. மறுநாள் காலை முள் மூன்று கிலோ இறங்கியிருந்தது.

“ஒரு நாள் பட்டினிக்கே மூணு கிலோ!” என்றார் அண்ணி. அன்றோடு டீயில் சர்க்கரையும் போயிற்று.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். ஊர்க் குரலெல்லாம் வருகிற வாய்க்கு என் குரல் மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமைதோறும் மூன்று மணிக்கு நர்ஸ் வீட்டுக்கு வருவார். அந்த வியாழனும் வந்து, குழந்தையைத் துணியில் தொங்கவிட்டு எடை போட்டார். ஐம்பது கிராம்தான் ஏறியிருந்தது. முந்தின வாரம் இருநூறு. குழந்தை இரண்டு வாய் குடிக்கும், விட்டுவிடும், வீறிடும்.

நர்ஸ் ஒரு செருமல் செருமினார். “ஒன்பது மாசமா ஏறின எடை ஒன்பது நாள்ல இறங்கணுமா ராஜாத்தி? பால் குடுக்கறவ வழக்கத்தைவிடக் கூடத்தான் சாப்பிடணும். எடை மெதுவா இறங்கட்டும்.” அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் டாக்டரிடம் போகலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி தலையாட்டினார். ராத்திரி தட்டில் பாதி அப்படியே இருந்தது. கடையிலிருந்து அம்மாவும் ஆபீஸிலிருந்து அண்ணனும் மணிக்கொரு தடவை போன் செய்து, குழந்தை குடிச்சுதா, குடிச்சுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி இடைவேளையில், சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் நின்று, நண்பன் பள்ளிக்கூடத்துக்குத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்திருந்த போனில் அண்ணியைக் கூப்பிட்டேன். முதலில் செருமல்.

“சிஸ்டர் பேசறேன் ராஜாத்தி. சாப்பிட்டாச்சா?”

இல்லை என்றார் அண்ணி. இரண்டு முட்டை, கீரை, ஒரு பழம், இப்பவே சாப்பிட வேண்டும் என்று கண்டித்தேன். அதற்குள் வகுப்பு மணி அடித்துவிட்டது. வைத்துவிட்டு ஓடினேன்.

தினமும் கூப்பிட்டேன். தினமும் “ஆச்சு சிஸ்டர்” என்றார். நிஜமாகச் சாப்பிடுகிறாரா? சாயங்காலம் முட்டைத் தட்டைப் போய் எண்ணுவேன். இரண்டிரண்டாகக் குறைந்திருக்கும். அண்ணன் விழுங்கியிருந்தால்? சனி, ஞாயிறு நர்ஸுக்கு லீவு. “சிஸ்டர் ஏன் ரெண்டு நாளா கூப்பிடலை?” என்று அண்ணி என்னிடமே கேட்டார்.

மறுபடி வியாழன். மூன்று மணிக்கு எடை தெரிந்துவிடும். பதினோரு மணிக்கு எனக்குச் செருமலே சரியாக வரவில்லை.

“சிஸ்டர் பேசறேன் ராஜாத்தி. சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு சிஸ்டர். உங்களுக்கும் போட்டிருக்கேன். இன்னிக்கு சீக்கிரமே வந்து, எதிர்லதான் உக்காந்து சாப்பிட்டுட்டிருக்கீங்க.”

அந்தப் பக்கம் ஒரு செருமல். அசல் செருமல். அப்புறம் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம். அதில் ஒன்று, பத்து நாளாக வீட்டில் யாருமே கேட்காத அண்ணியின் சிரிப்பு.

முதலில் சொன்னேனே, அது இதுதான். நான் மட்டும் சிரிக்கவில்லை.

“அண்ணி, பாப்பா எடை…” உடைந்து வந்த குரல் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

“இருநூத்தி இருபது கிராம் ஏறியிருக்கா.”

அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். “அண்ணி, அந்த மெஷினை…”

“முதல் போன்லயே பிடிச்சுட்டேன். எந்த ஆஸ்பத்திரியிலடா வகுப்பு மணி அடிக்குது? இந்தப் பயலுக்குத் திடீர்னு என்ன அக்கறைன்னு மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரம் பூரா நீல மை.”

“அப்புறம் ஏன் ஒண்ணுமே கேக்கலை?”

“நாலு நாள் நல்லாத் தவிக்கட்டும்னு விட்டேன். அப்புறம்…”

அண்ணி தட்டைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது.

“இந்த வீட்டுல அடிக்கிற போன் எல்லாம், குழந்தை குடிச்சுதான்னுதான் கேக்குது. நான் சாப்பிட்டேனான்னு கேட்டது இந்தத் திருட்டு நர்ஸ் ஒருத்திதான். நாளைக்கும் கூப்பிடு. உன் குரல்லயே கேளு.”