பாதிக் கிண்ணங்கள்

"கிண்ணம் பிரமாதம். அதுல ரெண்டு பேச்சே இல்லை. ஆனா இந்தக் கட்டத்துல நான் என்ன எழுதட்டும், சொல்லுங்க?"

பள்ளியின் செயலாளர் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். 'பயிற்சி அளித்தவர்' என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

மண்ணக்கா குயவர் சக்கரத்தை விட்டு எழுந்து வாளித் தண்ணீரில் கை கழுவினாள். தேர்வுக்காக அவள் இப்போதுதான் களிமண்ணை இழுத்து வனைந்து முடித்த கிண்ணம் சக்கரத்தின் நடுவே ஈரமாக மின்னியது.

அந்த மட்பாண்டக் கலைப் பள்ளியில் எட்டு வருடமாகத் தரை துடைப்பவள் அவள். மாணவர்கள் போன பிறகு மிச்சமான மண்ணைக் காயவைத்து, ஊறவைத்து, பிசைந்து மறுபடி வேலைக்கு ஆக்குவதும் அவள்தான். அதனால் வந்த பெயர். மூன்று மாதத்துக்கு முன் ஆசிரியர் மாரடைப்பில் போய்விட, அந்த இடத்துக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள்.

"யாரும் சொல்லிக்கொடுக்கலை சார்."

"அப்ப இந்த வித்தை என்ன வானத்துலேர்ந்து குதிச்சுதா? ஒரு கலைஞர்கிட்ட முறையாக் கத்துக்கிட்டவங்களைத்தான் எடுக்கணும்னு விதி இருக்குக்கா. வெளியில ஒருத்தர் சான்றிதழை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். கட்டம் காலியா இருந்தா வேலை அவருக்குத்தான்."

ஜன்னல் ஓரமாக ஆசிரியரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பள்ளியின் சூளையைப் பார்த்துக்கொள்பவள். தேர்வுக் குழுவில் இரண்டாவது ஆள்.

மண்ணக்கா துண்டில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"திருடினேன் சார்."

செயலாளரின் பேனா நின்றது.

"வகுப்புல பிள்ளைங்க செஞ்சதை நம்ம வாத்தியார் கம்பியால ரெண்டா அறுத்துக் காட்டுவார் போல. அறுத்தாத்தானே உள்ளே எங்க தடிப்பு, எங்க மெலிசுன்னு தெரியும்? அந்தப் பாதிங்க தினமும் காயப்போடுற பலகையில இருக்கும். நான் எடுத்து வச்சுப் பார்ப்பேன். விரலால தடவிப் பார்ப்பேன். அப்புறம் கதவைச் சாத்திட்டு, சக்கரத்துல உட்கார்ந்து அதேமாதிரி இழுத்துப் பார்ப்பேன்."

"மாட்டிக்கவே இல்லையா?"

"எப்படி மாட்டுவேன்? நான் செஞ்சதையும் ரெண்டா அறுத்து அதே பலகையில வச்சுட்டுப் போயிடுவேன். எது யார் கைன்னு யாருக்குத் தெரியும்?"

செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாரே இருந்தாரே, அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"அவரே ஒரு தடவை கூப்பிட்டார், 'வகுப்புல வந்து உட்காருங்க'ன்னு. ஐம்பது வயசுல, துடைப்பத்தைச் சாத்தி வச்சுட்டு, பிள்ளைங்களோட பிள்ளையா உட்காரவா? 'எனக்கெதுக்கு சார் இதெல்லாம்'னு ஓடியே போயிட்டேன்."

"அதனால பிள்ளைங்க கெடுத்து வச்சதைப் பார்த்துக் கத்துக்கிட்டீங்க."

"கெடுத்ததுன்னு சொல்லாதீங்க சார்!" மண்ணக்காவுக்குக் கோபமே வந்தது. "தங்கமான பிள்ளைங்க. முதல்ல டம்ளர், அப்புறம் கிண்ணம், அப்புறம் மூடி போட்ட ஜாடி. என் அதிர்ஷ்டத்தைக் கேளுங்க, எனக்கு அடி கனத்துப் போச்சுன்னா, மறுநாள் எந்தப் பிள்ளையாவது அடியைச் சரியா இழுத்து வச்சிருக்கும். அதுங்க முகம்கூட எனக்குத் தெரியாது. ஒவ்வொருத்தரையும் தேடிப்போய்க் கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்னு இருக்கு."

"முகம் தெரியாத பிள்ளைங்களை இந்தக் கட்டத்துல எழுத முடியாதேக்கா."

"தெரியும் சார். பரவாயில்லை. இந்தச் சக்கரத்துல ஒருநாள் பகல்ல, எல்லார் முன்னாலயும் உட்கார விட்டீங்களே, அதுவே போதும்."

செயலாளர் பெருமூச்சு விட்டுக் கோப்பை மூடப் போனார். ஆசிரியரின் மனைவி எழுந்து வந்து அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். காலியான கட்டத்தில் தன் கணவரின் பெயரை நிதானமாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள்.

மண்ணக்கா பதறிவிட்டாள். "ஐயோ, வேண்டாம் மேடம்! எனக்காகப் பொய் எழுதாதீங்க. சார் எனக்கு ஒருநாள்கூடச் சொல்லிக்கொடுக்கலை."

"பொய் இல்லைக்கா. பதினெட்டு வருஷமா இங்க சூளை அடுக்குறது நான்தான். கோணலோ மாணலோ, பிள்ளைங்க செஞ்ச எல்லாத்தையும் சுட்டுக் கையில கொடுத்துடணும்னு அவருக்கு ஒரே பிடிவாதம். மாணவங்க செஞ்ச ஒரு டம்ளரைக்கூட அவர் அறுத்ததே கிடையாது."

மண்ணக்கா புரியாமல் பார்த்தாள்.

"தினமும் வகுப்பு முடிஞ்சப்புறம், தானே ஒண்ணு செஞ்சு, ரெண்டா அறுத்துப் பலகையில வச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவார். 'ஏன் இவ்வளவு நேரம்?'னு கேட்டா, 'இன்னும் ஒரு மாணவி பாக்கி இருந்தாங்க'ம்பார்."