பாலத்துக்கு அந்தாண்ட

“அக்கா, லொகேஷன் காட்டுற எடத்துலதான் வேன நிறுத்தியிருக்கோம். ஆனா இங்க ‘பெரியதம்பி டிபன் கடை’ன்னுல்ல போர்டு இருக்குது?”

போனில் இதைக் கேட்டதும் கிருஷ்ணவேணியின் கையிலிருந்த தோசைக் கரண்டி அப்படியே நின்றது. அவள் பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டாள். போகவில்லை.

“சங்கவி! நம்ம கடை எங்க இருக்குதுன்னு காட்டுது, போன்ல பாரு.”

திண்டிவனத்தில் காலேஜ் படிக்கும் மகள் பார்த்தாள். முகம் மாறியது.

“பாலத்துக்கு அந்தாண்ட காட்டுதும்மா. பெரியதம்பி மாமா கடை மேலயே புள்ளி நிக்குது.”

கூட்டேரிப்பட்டு மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் கிருஷ்ணவேணி கடை. அந்தப் பக்கம் பெரியதம்பி கடை. அவள் கணவன் குமரேசன் பெரியதம்பியிடம்தான் மாஸ்டராக இருந்தான். விலகி வந்து தனியாகக் கடை போட்ட நாளிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

ஆரம்பத்தில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சங்கவிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ‘இங்க சாப்பிட்டு, போன்ல செக்-இன் போட்டா சுக்குக் காபி இலவசம்’ என்று எழுதி மாட்டினாள்.

சாப்பிட வந்தவர்கள் கேப்பைத் தோசையையும் வேர்க்கடலை அரைத்த மல்லாட்டைச் சட்னியையும் படம் எடுத்து, ‘இப்ப இந்தக் கடையில இருக்கோம்’ என்று போட்டார்கள். அதைப் பார்த்து அவர்களுடைய சிநேகிதர்கள் வந்தார்கள். விழுப்புரத்திலிருந்து, புதுச்சேரியிலிருந்து, சென்னைக்குப் போகிற வழியில் என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கடைப் பேரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

இப்போது கிருஷ்ணவேணி கரண்டியைத் தோசைக்கல் மேல் போட்டாள்.

“நம்ம பேர வச்சி அந்தாளு கல்லா ரொப்பிக்கினு இருக்கான்டி! யாரையோ புடிச்சிப் புள்ளிய மாத்தியிருக்கான்.”

“அப்படில்லாம் மாத்த முடியாதும்மா…”

“நீ பேசாத. வண்டிய எடு.”

குமரேசனைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மகளோடு ஸ்கூட்டியில் கிளம்பினாள். பாலத்துக்கு அடியில் நடந்தே போய்விடலாம். வண்டி என்றால் சர்வீஸ் ரோட்டில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தச் சுற்றில் அவள் கோபம் இன்னும் ஏறியது.

பெரியதம்பி கடை வாசலில் ஒரு வேன் நின்றது.

“பாத்தியா? நான் சொல்லல?”

வண்டி நிற்பதற்குள் குதித்தாள். தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். “அடுத்தவன் கடைக்கு வர்றவங்கள மடக்கி உக்கார வச்சிக்கினீங்களே, இது உங்களுக்கே நியாயமா இருக்குதா? சாப்பிடுற சோறு செரிக்குமா?”

உள்ளே போனவள் நின்றாள்.

பெஞ்சுகள் காலி. ஒரு ஆள் இல்லை. இட்லிக் குண்டான் பக்கத்தில் பெரியதம்பியின் மனைவி பவுனு மட்டும் நின்றுகொண்டிருந்தாள். தட்டில் எடுத்து வைத்த இட்லிகள் ஆறிக் கிடந்தன.

“வேன்ல வந்தவங்க எங்க? உள்ள ரூம்ல உக்கார வச்சிருக்கீங்களா?”

“உள்ள ரூமே கெடையாது வேணி. நீ மொதல்ல ஒக்காரு” என்றாள் பவுனு.

அப்போது பாலத்துப் பக்கமிருந்து பெரியதம்பி வந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இவர்களைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வேன்காரங்களா? உன் கடையிலதான் இருக்காங்க. உங்க வாசல் தெரியற வரைக்கும் கூட்டிக்கினு போய் விட்டுட்டுத்தான் வர்றேன். குமரேசன் என்னப் பாத்தா சங்கடப்படுவான்னு அங்கயே திரும்பிட்டேன்.”

சங்கவியின் போன் ‘டிங்’ என்றது. புது செக்-இன். அவர்கள் கடை பெஞ்சில் ஒரு குடும்பமே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. பின்னால் தோசைக்கல்லுக்கு முன் குமரேசன்.

சங்கவி சத்தமாகப் படித்தாள்.

“‘லொகேஷன் தப்பா காட்டுது, ஆனா பயப்படாதீங்க. அங்க ஒரு பெரிய மனுஷர் கடை வச்சிருக்காரு. எங்க கைக்குழந்தையத் தூக்கிக்கினு பாலத்துக்கு அடியில கூட்டிக்கினு வந்து விட்டாரு.’”

படித்து முடிப்பதற்குள் அதன் கீழே பதில்கள் வர ஆரம்பித்தன.

‘எங்களையும் அவர்தான் கூட்டிக்கினு வந்து விட்டாரு.’

‘எங்களையும்! மழையில கொடை புடிச்சிக்கினு வந்தாரு.’

‘நாங்க அவர கடைக்காரம்மாவோட அண்ணன்னுல்ல நெனச்சோம்?’

வந்துகொண்டே இருந்தன. சங்கவி அம்மாவைப் பார்த்தாள். போனைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மா… கடைய மேப்புல பதிஞ்ச அன்னிக்கு நம்ம பக்கம் சிக்னல் இல்ல. இந்தாண்ட பஸ் ஸ்டாப்புல நின்னுதான் பதிஞ்சேன். தப்பு என்னுதுதாம்மா.”

கிருஷ்ணவேணி காலி பெஞ்சுகளைப் பார்த்தாள். ஆறிப்போன இட்லிகளைப் பார்த்தாள். பிறகு அந்த மனுஷனை அண்ணாந்து பார்த்தாள். ஏதோ கோயில் கோபுரத்தடியில் நிற்பதுபோல இருந்தது அவளுக்கு. இத்தனை நாள் வாயில் வராத சொல் தானாக வந்தது.

“ஏண்ணா… பசியோட வந்து எறங்கறவங்க. ‘இங்கயே சாப்பிடுங்க’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உக்காந்திருப்பாங்களே?”

“உக்காந்திருப்பாங்கம்மா” என்றார் பெரியதம்பி. “ஆனா அவங்க எங்கிட்ட வழியத்தானே கேட்டாங்க?”